குறைத்த எடை திரும்பி வராமல் இருக்க: நம் வீட்டுச் சமையலை வைத்தே ஒரு முழுமையான வழிகாட்டி

உங்களுக்குத் தெரிந்தவர்களில் எடை குறைத்தவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பேலியோ என்ற மாவுச்சத்தைக் குறைக்கும் டயட்டில் ஆளே மாறிப்போனவர், கல்யாணத்துக்காக நான்கு மாதம் ஜிம்முக்குப் போனவர், இரவுச் சாப்பாட்டையே நிறுத்தியவர் என்று நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் மூன்று வருடம் கழித்தும் அதே எடையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடும். இதற்கு அவர்களுடைய மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். உடம்பு குறைந்த எடையை ஏற்றுக்கொள்வதில்லை, திரும்பப் பிடிக்கப் பார்க்கிறது, அதுதான் காரணம்.

அமெரிக்காவில் எடை குறைப்பதையே போட்டியாக நடத்திய ஒரு டிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், சும்மா இருக்கும்போது அவர்களுடைய உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்கள் எடைக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. 2011-ல் ஆஸ்திரேலியாவில் வந்த இன்னொரு ஆய்வில், கடுமையான டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதாவது டயட் முடிந்த பிறகும் அதிகப் பசி, குறைந்த கலோரிச் செலவு. இந்த நிலையில் ஒருவர் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடை திரும்பாமல் என்ன செய்யும்?

அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியையும் ஒரே கேள்வியால் சலித்துக்கொள்ளுங்கள்: இதை இன்னும் பத்து வருடம் கழித்தும் செய்துகொண்டிருப்பேனா? இல்லை என்று தோன்றினால் அதை ஆரம்பிக்கவே வேண்டாம், அதில் எவ்வளவு வேகமாக எடை குறைந்தாலும் சரி.

தொடங்குவதற்கு முன்

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், ஆகவே மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதை இப்போது செய்ய வேண்டாம். தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அப்படி ஏதாவது எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அளவு எடுப்பது

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதி, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ, உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். உலகப் பொது அளவைவிட இது குறைவு, ஏனென்றால் நமக்கு அதே எடையில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது சுமார் 63 கிலோ, 25 என்பது 68 கிலோ.

இடுப்புச் சுற்றளவு இதைவிட நேர்மையான அளவு என்பது என் எண்ணம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் எடுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. பேன்ட் சைஸை நம்பாதீர்கள், பெரும்பாலான ஆண்கள் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள்.

இலக்கு என்ன? முதல் ஆறு மாதத்துக்கு இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம், அவ்வளவுதான். 80 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 8 கிலோ. "இவ்வளவுதானா" என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து இங்கே நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலேயே. தராசு அசையாத மாதங்களிலும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கிறது என்பதை மனதில் வையுங்கள், பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் விடுகிறார்கள்.

ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

வாய்க்குள் போகும் எல்லாவற்றையும், நேரத்தோடு, போனிலோ காலண்டர் தாளின் பின்பக்கத்திலோ எழுதுங்கள். கலோரி பார்க்க வேண்டாம். வார முடிவில் படித்தால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு வெளியே இருப்பவைதான் கண்ணில் படும்: பதினொரு மணி டீயோடு வந்த பிஸ்கட், ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள் கேக், நாலு மணிக்கு வடை, இரவு டிவி முன்னால் ஒரு கை மிக்சர்.

வீட்டில் சமைக்கும் பெண்களின் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். ருசி பார்த்தது, குழந்தை தட்டில் மிச்சம் வைத்த தோசை, எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருந்த சாதம், வீணாகப் போகக் கூடாதே என்று மறுநாள் காலையில் தின்ற நேற்றைய உப்புமா. சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பது நல்ல குணம்தான், ஆனால் அந்தப் பொறுப்பு முழுவதும் ஒருத்தியின் வயிற்றில் வந்து இறங்குவது நியாயமில்லை. தினமும் மிஞ்சுகிறது என்றால் உலையில் போடும் அரிசியை அரை ஆழாக்கு குறையுங்கள். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடட்டும்.

சமையலறை: எண்ணெயும் சர்க்கரையும்

தனியாக ஒருவருக்கு டயட் சமையல் என்பது நம் வீடுகளில் நீடிக்காது. இரண்டு வாரம் நடக்கும், அப்புறம் சமைப்பவருக்கு அலுத்துவிடும். மாற்றம் பொதுக் குழம்பிலேயே நடக்க வேண்டும். அதற்கு முதல் இடம் எண்ணெய்.

போன மாதம் எத்தனை லிட்டர் வாங்கினீர்கள் என்று மளிகை பில்லில் பாருங்கள், எல்லா எண்ணெயும் நெய்யும் சேர்த்து. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது பல உணவு ஆலோசகர்கள் சொல்லும் கணக்கு, அப்படியென்றால் நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். ஐந்தாறு லிட்டர் செலவாகும் வீட்டில் ஒரே மாதத்தில் 2-க்கு வரப் பார்க்காதீர்கள், சாப்பாடு பிடிக்காமல் எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். மாதத்துக்கு அரை லிட்டர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவதை நிறுத்தி ஒரு ஸ்பூனைப் போட்டு வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது, ஒரு சிறு கிண்ணம் சாதத்துக்குச் சமம், ஆனால் சாதம் போல வயிற்றை நிறைப்பதில்லை. தாளிக்க ஒரு டீஸ்பூன் போதும். பொரியலுக்குக் காயை முதலில் மூடி போட்டு வேகவைத்துவிட்டுக் கடைசியில் தாளித்துக் கொட்டலாம். நன்றாகப் பழகிய இரும்புக் கல்லில் தோசைக்கு ரொம்பக் கொஞ்சம் எண்ணெய்தான் கேட்கும். எந்த எண்ணெய் நல்லது, செக்கா ரீஃபைண்டா என்று நிறையச் சண்டை நடக்கிறது, எடையைப் பொறுத்தவரை எல்லா எண்ணெயும் ஒன்றுதான், அளவுதான் பேச்சு.

சர்க்கரை இன்னும் சுலபம். ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் தந்த வழிகாட்டுதலில் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, அதாவது 5 டீஸ்பூன். நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் அங்கேயே ஆகிவிட்டது. வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் ஒரு மாதத்தில் சர்க்கரை இல்லாத காபியே பிடித்துப்போகும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

மிக்சர், முறுக்கு டப்பாக்களைக் கண்ணில் படாத உயரத்துக்கு மாற்றுங்கள், ஹாலில் கண்டிப்பாக வேண்டாம். வீட்டுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேண்டுமென்றால் வாங்குங்கள், ஒரு கிலோவாக இல்லாமல் 100 கிராமாக.

தட்டு

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், எடையின் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது.

நம் மதியச் சாப்பாடு மூன்று சுற்று: சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம். ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல், ஒரு அப்பளம். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் இந்தியர்கள் தங்கள் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்துதான் எடுக்கிறார்கள், புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். 2025-ல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றியதில் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. இரவில் சோற்றை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா என்று சாப்பிட்டு "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று நம்பிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆக, அரிசியை விரட்ட வேண்டாம், சுற்றுகளைக் குறையுங்கள். ரசத்தை டம்ளரில் குடியுங்கள். தயிரை மோராக்கிக் குடியுங்கள். சாதம் குழம்போடு ஒரே சுற்றுதான், அதுவும் கரண்டிக் கணக்கில். இப்போது நாலு கரண்டி என்றால் இந்த மாதம் மூன்று, அப்புறம் இரண்டு. பரிமாறும் வரிசையையும் மாற்றுங்கள்: முதலில் தட்டில் பாதியைக் காய் பிடிக்கட்டும், கால் பங்கு புரதம், மீதி இருக்கும் இடத்துக்குத்தான் சாதம். காயும் புரதமும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் ரத்தச் சர்க்கரையும் குறைகிறது.

காய் என்றால் பீர்க்கை, புடலை, சுரை, கோஸ், வெண்டை, அவரை, கீரை வகைகள். உருளை, சேனை, வாழைக்காய் எல்லாம் சாதத்தின் பங்கில் சேரும். இரண்டு ஸ்பூன் பொரியலில் இருந்து ஒரு கிண்ணத்துக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் காய் வாங்கும் அளவும் நறுக்கும் வேலையும் இரண்டு மூன்று மடங்காகும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நறுக்குவதை வீட்டில் இருக்கும் ஆண்களும் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே இந்த ஒரு வேலைதான் பல வீடுகளில் திட்டத்தை நிறுத்திவிடுகிறது.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் 65 கிலோ ஆளுக்கு 65 கிராம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராமுக்கு மேல், 100 கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராம். தண்ணியான சாம்பாரில் பருப்பு ரொம்பக் கொஞ்சம்தான், கெட்டியாக வையுங்கள் அல்லது கூட்டாக்குங்கள். காலையில் ஐந்து இட்லி சாப்பிடுபவர் மூன்று இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் எடுத்தால் பதினொரு மணிக்கு பிஸ்கட் தேடவே தோன்றாது. முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பாசிப்பயறு தோசை, அதாவது பெசரட்டு, நல்ல மாற்று.

மாலை நாலு மணிப் பசி உண்மையான பசி, அதைத் தண்ணீர் குடித்துச் சமாளிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கொய்யா என்று ஏதாவது கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கால் தானாக டீக்கடைக்குப் போகும்.

நடையும் தசையும்

70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் 250 கலோரிக்குள்தான் செலவாகும். இரண்டு வடையும் ஒரு டீயும் அதைச் சமன் செய்துவிடும். எனவே நடையை மட்டும் நம்பி எடை குறைக்க முடியாது. ஆனால் குறைந்த எடையைத் தக்கவைப்பதில் நடைக்கு ஈடு இல்லை. அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு நடக்கிறது, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்கள்தான் அதில் சேரலாம். அதில் பத்துக்கு ஒன்பது பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். உடம்பு செலவைக் குறைத்துக்கொண்டது என்று மேலே பார்த்தோம், அந்த இடைவெளியை நிரப்புவது இந்த நடைதான்.

சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஆரம்பியுங்கள். மே மாத வெயிலுக்கு ஒரு ஏற்பாடு, ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒரு ஏற்பாடு என்று இரண்டையும் இப்போதே யோசித்து வையுங்கள்: மொட்டை மாடி, மாடிப்படி, வீட்டுக்குள்ளேயே போன் பேசிக்கொண்டு நடப்பது. மழைக்காலத்தில் விட்ட நடையை நிறையப் பேர் பொங்கலுக்குப் பிறகும் எடுப்பதில்லை.

தசைக்கு வாரம் இரண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும், திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பு மட்டும் ஏறும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, இதிலிருந்து தொடங்கலாம். நாற்பது தாண்டிய பெண்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எடையே குறையாவிட்டாலும் முட்டிக்கும் எலும்புக்கும் இது வேண்டும்.

எல்லா மாற்றத்தையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பிக்காதீர்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254. ஒன்று படிந்த பிறகு அடுத்தது என்று போங்கள், வருடம் முழுவதும் உங்களுக்கு இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவைத்த இளைஞர்களுக்குப் பசி ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது என்று 2004-லேயே பார்த்துவிட்டார்கள். போனைப் படுக்கைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கல்யாணம், தீபாவளி, அத்தை வீடு

விசேஷ நாளில் நன்றாகச் சாப்பிடுங்கள். தீபாவளி அன்று சாப்பிட்ட அதிரசத்தால் யாருக்கும் தொப்பை வருவதில்லை, அதன் பிறகு இரண்டு வாரம் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கும் ஸ்வீட் பாக்ஸ்தான் பிரச்சினை. வந்ததில் பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியை மறுநாளே கொடுத்துவிடுங்கள். பந்தியில் காய்களை முதலில் முடியுங்கள், இனிப்பில் எது உண்மையில் பிடிக்குமோ அதை மட்டும் எடுங்கள். உறவினர் வீட்டில் "போதும்" என்றால் எடுபடாது. "வயிறு நிறைஞ்சிருச்சு அத்தை, வீட்டுக்குக் கட்டிக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கும் சந்தோஷம். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம், அடுத்த வேளையிலிருந்து வழக்கமான தட்டுக்கு வந்தால் போதும்.

எடை நின்றுபோகும்போது

சுமார் ஆறு மாதத்தில் தராசு நிற்கும், எல்லோருக்கும் நிற்கும். சின்ன உடம்புக்குச் செலவு குறைவு, அது ஒரு காரணம். கரண்டி மெல்ல மெல்லப் பெரிதாகியிருக்கும், அது இன்னொன்று. அந்த நேரத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டாதீர்கள். ஒரு வாரம் மறுபடி எழுதுங்கள், எண்ணெய் பில்லைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் இரண்டு மூன்று மாதம் அதே எடையில் இருந்து பழகுங்கள், குறைத்ததைக் காப்பாற்றுவதற்கான பயிற்சிதான் அது. தினசரி ஏற்ற இறக்கத்துக்கும் மதிப்புக் கொடுக்காதீர்கள்; ஊறுகாய் கருவாடு சாப்பிட்ட மறுநாளும் மாதவிடாய்க்கு முன்பும் ஒன்றிரண்டு கிலோ நீர் கூடும். வாரம் ஒரே கிழமை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள்.

எல்லைக் கோடு

நீங்கள் வந்து சேர்ந்த எடையோடு 2 கிலோ கூட்டி ஒரு எண்ணை எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

2025-ல் இந்தியாவுக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் ஒன்றான செமகுளுடைடு பற்றிய ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பருமனால் சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் வந்தவர்களுக்கு அவை உண்மையிலேயே உதவும், மருத்துவர் சொன்னால் தயங்க வேண்டாம். ஆனால் ஊசியால் பசி அடங்கியிருக்கும் அந்த மாதங்களில்தான் தட்டையும் தசையையும் சரிசெய்துகொள்ள வேண்டும், ஊசியை நிறுத்திய பிறகு ஆரம்பித்தால் பசியோடு போராட வேண்டியிருக்கும்.

கோட்டைத் தாண்டியதும் செய்ய வேண்டிய வேலை இதுதான்: பத்து நாள் எழுதுவது, சாதக் கரண்டியை எண்ணுவது, சாப்பாட்டுக்குப் பிறகான நடை எந்த வாரத்தில் நின்றது என்று பார்ப்பது, அதை மறுபடி ஆரம்பிப்பது. இரண்டு கிலோவில் பிடித்தால் ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகும். மூன்று மாதம் முயன்றும் ஏறிக்கொண்டே போனால் மறுபடி தைராய்டும் மருந்துச் சீட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.